ஜோகன்னஸ்பர்க் குளிர்: வெயிலைப் பிடித்து வைக்கும் வேலைகள்

ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன், ஜூலை மாதங்களில் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். மதியம் வாசலில் 17 டிகிரி, முதுகில் சுள்ளென்று வெயில். உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தால் 11 டிகிரி, கால் விறைக்கிறது. ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், குன்னூருக்குச் சற்றுக் கீழே. ஆனால் குன்னூரின் ஈரமும் மூடுபனியும் இங்கே கிடையாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை அநேகமாக இல்லை. வானத்தில் மேகம் இல்லை. அதனால் பகலில் வெயில் முழுசாக இறங்கும், பொழுது சாய்ந்ததும் சூடு முழுசாக மேலே போய்விடும். ஜூலையில் சராசரியாகப் பகல் 16-17 டிகிரி, அதிகாலை 4 டிகிரி. புல்லில் உறைபனி சாதாரணம். பனிப்பொழிவு மட்டும் அபூர்வம்: 2012 ஆகஸ்டில் விழுந்தது, பிறகு 2023 ஜூலை 10 அன்று விழுந்தது.

வீடுகளோ கோடையை மனதில் வைத்துக் கட்டியவை. செங்கல் சுவர், இரும்புச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி, கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடுக்கு. ஐரோப்பாவில் இருப்பதுபோல் வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு எதிர்பார்க்க முடியாது. ஆகவே, பகலில் காசில்லாமல் வந்து விழுகிற சூட்டை ராத்திரி பத்து மணி வரை உள்ளே நிறுத்தி வைத்துவிட்டால் பாதிக் குளிர்காலம் கைக்கு வந்த மாதிரி. மீதிப் பாதி, இந்த வறண்ட காற்றை வைத்து மற்ற நாட்களில் செய்ய முடியாத வேலைகளைச் செய்துகொள்வது. கீழே இருப்பவை எல்லாம் மின்சாரம் போனாலும் ஓடுகிற, அல்லது நின்றாலும் கெடாத ஏற்பாடுகள். லோட் ஷெட்டிங் பழக்கிவிட்ட ஊர் இது.

வடக்கு ஜன்னல்

நம்மூரில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும். இங்கே ஜூன் வெயில் வடக்கே சாய்ந்து வரும். வாடகை விளம்பரங்களில் வடக்குப் பார்த்த வீடு என்று பெருமையாகப் போட்டிருப்பதன் காரணம் வாஸ்து இல்லை, இதுதான். ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 40 டிகிரி உயரத்தில் நிற்கும். 2.1 மீட்டர் உயரம் வரை கண்ணாடி உள்ள வடக்கு ஜன்னல் என்றால் வெயில் தரையில் இரண்டரை மீட்டர் உள்ளே வரும். டிசம்பரில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடுவதால் அதே ஜன்னலில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

இரண்டு சதுர மீட்டர் கண்ணாடி வழியாக ஒரு தெளிந்த குளிர்காலப் பகலில் வரும் சூடு, 1,000 வாட் ஹீட்டரை மூன்று மணி நேரம் ஓட்டியதற்குக் குறையாது. அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கனமான பொருள் வேண்டும். டைல்ஸ், சிமெண்ட், கல் தரை நன்றாக வாங்கும், கம்பளம் வாங்காது. எனவே காலை ஒன்பதுக்கு ஜன்னலோரக் கம்பளத்தைச் சுருட்டி ஒதுக்குங்கள், சோபாவை வெயில் பாதையிலிருந்து தள்ளுங்கள். மாலை நான்கு, நாலரைக்குக் கண்ணாடியில் நேர் வெயில் விலகியதும் கம்பளத்தை விரித்துத் திரையை இழுத்துவிடுங்கள். ஜூனில் ஐந்தரைக்குள் சூரியன் அஸ்தமித்துவிடும். இருட்டிய பிறகு திரை போடுவது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது போலத்தான்.

திரையில் பலர் கோட்டை விடும் இடம் அடிப்பக்கம். கண்ணாடியை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து கீழே இறங்கும். திரை தரையிலிருந்து ஒரு சாண் தூக்கலாக இருந்தால் அந்தக் குளிர்காற்று அடி வழியாக அறைக்குள் வழிந்துகொண்டே இருக்கும், மேலே இருக்கும் சூடான காற்று அதன் இடத்துக்கு இறங்கும். திரை தரையைத் தொட வேண்டும், இரு பக்கமும் ஜன்னலைத் தாண்டி 15 செ.மீ. போக வேண்டும், மேலே கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பலகையோ மடித்த போர்வையோ அடைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. உள்துணி தைத்த தடித்த திரையாக இருக்கட்டும்.

தெற்குப் பார்த்த அறை குளிர்காலம் முழுக்க வெயில் காணாது. அங்கே படுக்கை போடாதீர்கள். அந்த அறைக்கு வேறு உபயோகம் இருக்கிறது, பின்னால் வருகிறது.

இடுக்குகள்

காற்றுள்ள ஒரு மாலையில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் சட்டம், கதவு விளிம்பு, சாவித்துவாரம், சறுக்குக் கதவின் அடி என்று மெல்ல நகர்த்துங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். பழைய இரும்பு ஜன்னல்களில் பூச்சு மேல் பூச்சாக அடித்து கதவு சரியாகப் படியாமல் இருக்கும். அங்கே ஒட்டும் நுரைப் பட்டையை ஒட்டுமுன் பழைய பெயிண்ட் திட்டுகளைச் சுரண்டி, ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக் காய விடுங்கள். தூசியின் மேல் ஒட்டினால் இரண்டு வாரத்தில் தொங்கும். பட்டை எவ்வளவு தடிமன் வேண்டும் என்று பார்க்க, ஜன்னலில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக உருவி வந்தால் 6 மி.மீ. பட்டை பொருந்தும். கொஞ்சம் பிடித்தால் 3 மி.மீ. போதும். தேவைக்கு மேல் தடிமனாக ஒட்டினால் கொக்கி மாட்டாது, வலுக்கட்டாயமாக மாட்டினால் கண்ணாடி விரியும்.

வெயில் வராத ஜன்னல்களுக்குக் குமிழி பிளாஸ்டிக் தாள் அற்புதமான மருந்து. கண்ணாடி அளவுக்கு வெட்டி, கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கம் கண்ணாடியைத் தொடும்படி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை. ஆகஸ்ட் கடைசியில் உரித்துச் சுருட்டி வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.

ஒரே ஒரு ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது: சுவரின் மேல் மூலையில் இருக்கும் துளையிட்ட காற்றுச் செங்கல். வீட்டுக்குள் கேஸ் ஹீட்டர் எரிப்பவர்கள் அதில் கைவைக்கவே வேண்டாம்.

கேஸ் ஹீட்டர்

சக்கரம் வைத்த, முதுகில் 9 கிலோ சிலிண்டரைச் சுமக்கும் மூன்று பலகை ஹீட்டர்தான் இங்கே பல வீடுகளில். மூன்றும் எரிந்தால் சுமார் 4.2 கிலோவாட், மணிக்கு 300 கிராம் சொச்சம் கேஸ். சிலிண்டர் முப்பது மணி நேரத்தில் தீரும். ஒரே பலகையில் வைத்தால் தொண்ணூறு மணி நேரம். மேலே சொன்ன திரை வேலையும் இடுக்கு வேலையும் செய்த அறைக்கு முதல் இருபது நிமிடம் மூன்று பலகை, பிறகு ஒன்று, அவ்வளவே போதும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ரெகுலேட்டர் மாட்டுவதில் தடுமாற்றம் வரும். நம்மூரில் மேலே வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். இங்கே மரை, அதுவும் தலைகீழ் மரை: இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். மாட்டும் முன் முனையில் ரப்பர் வளையம் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியதும் சோப்பு நுரையைத் தடவி வால்வைத் திறங்கள், குமிழ் வந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். குழாயை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி உண்டாகும். உதடு வெடிக்கும் இந்த வறட்சியில் அது ஒரு வகையில் உபகாரம்தான். ஆனால் காலையில் கண்ணாடி வியர்த்து நிற்கும், துடைக்காவிட்டால் இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். ஹீட்டர் எரியும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள். படுக்கையறையில் எரித்துக்கொண்டு தூங்குவது எந்தச் சமாதானத்துக்கும் உட்படாத தவறு. ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் உணரி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், நம்பித் தூங்க வேண்டாம். படுக்கைக்கு வெந்நீர் ரப்பர் பை போதும்: கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முக்கால் பங்கு நிரப்பி, மிச்சக் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூட வேண்டும். காற்று இருந்தால் பை உப்பிக் கழுத்துப் பக்கம் விரியும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பையை மாற்றிவிடுவது நல்லது.

இட்லி மாவுக்கு ஒரு பெட்டி

சமையலறையில் ராத்திரி 8 டிகிரி. மாவு இரண்டு நாள் இருந்தாலும் அசையாது, மூன்றாம் நாள் பொங்காமலே புளித்து நாறும். மாவுக்கு வேண்டியது 28 முதல் 32 டிகிரிக்குள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஓவன் விளக்கை எரியவிட்டு உள்ளே வைக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். புது ஓவன்களில் எல்.இ.டி. விளக்கு, அதில் சூடே வராது. பழையதில் வரும், கரண்ட் போனால் போச்சு. அதைவிடக் கூலர் பாக்ஸ் நம்பகமானது. கோடையில் பிராய்க்கு, அதாவது வெளியே தீ மூட்டிக் கறி சுடும் விருந்துக்கு, ஐஸும் பானமும் சுமந்துபோகும் அதே பெட்டி, 40 லிட்டர் அளவு.

அரிசி: இட்லி அரிசி ஃபோர்ட்ஸ்பர்க், லெனேசியா பக்கத்து இந்தியக் கடைகளில் சில சமயம் கிடைக்கும், சில சமயம் கிடைக்காது. எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும் டாஸ்டிக் அரிசி நீளமாக இருந்தாலும் புழுங்கல்தான், வேலைக்கு ஆகும். 800 கிராம் அரிசிக்கு 200 கிராம் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஊற வைக்கும்போதே குளிர் உள்ளே புகுந்துவிடுகிறது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். 10 டிகிரி நீரில் ஊறிய அரிசியை அரைத்து, பிறகு பெட்டியில் வைத்தால், இருக்கிற சூடு முழுக்க மாவைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடும். அரைப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஊறல் நீரை வடித்து 45 டிகிரி நீர் ஊற்றுங்கள், அரைக்கும்போதும் வெதுவெதுப்பான நீரே தெளியுங்கள். அரைத்து முடித்ததும் மாவு 28 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், கைவிரல் கணக்கு குளிரில் ஏமாற்றும். விறைத்த விரலுக்கு எல்லாமே சூடுதான்.

உப்பு இப்போது வேண்டாம். வெயில் ஊரில் புளிப்பை மட்டுப்படுத்த முதலிலேயே போடுவோம். இங்கே பொங்கிய பிறகு போட்டுக் கலக்கினால் போதும்.

பாத்திரம் ஆறு லிட்டருக்குக் குறையாமல், மாவு பாதிக்கு மேல் வராமல். பெட்டியின் அடியில் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் பாத்திரம். இரண்டு பக்கமும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்று, கீசர் குழாயிலிருந்து பிடித்த 60 டிகிரி நீரோடு. கொதிக்கும் நீர் ஊற்றினால் குளிர்பான பாட்டில் சுருங்கி வளைந்து மூடி கசியும். பாட்டில்களைத் துணியில் சுற்றுங்கள். பாட்டில் நேராகப் பாத்திரத்தைத் தொட்டால் தொட்ட இடத்தில் மாவு 40 டிகிரியைத் தாண்டி நீர்த்துப்போய் புளிப்பு வாடை அடிக்கும், நடுவில் பச்சையாகவே இருக்கும்.

கணக்கு இதுதான். நான்கு லிட்டர் நீர் 60 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கும்போது சுமார் 500 கிலோஜூல், அதாவது 0.14 யூனிட் சூட்டைக் கொடுக்கும். வெறும் பெட்டி 8 டிகிரி அறையில் அதை ஏழெட்டு மணி நேரத்தில் தின்றுவிடும். மேலே ஒரு ரஜாயைச் சுற்றிப் போர்த்தினால் இழப்பு பாதியாகி, ஒரே நிரப்பில் விடிந்துவிடும். ரஜாய் இல்லாவிட்டால் இடையில் ஒருமுறை பாட்டில் நீரை மாற்ற வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு வைத்தால் காலை எட்டுக்கு இருமடங்காகி மேலே துளைகளோடு நிற்கும். திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், ஒவ்வொரு திறப்புக்கும் உள்காற்று முழுக்கப் போய்விடும்.

இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆவியும் அதே சூடுதான். சென்னையில் பத்து நிமிடத்தில் வேகும் இட்லிக்கு இங்கே பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் கொடுங்கள். குக்கர் வெயிட்டும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் சேர்க்கிறது. வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் பருப்புக்கு ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விட வேண்டியிருக்கும்.

மாவு இல்லாத நாளில் அதே பெட்டி அடுப்பில்லாமல் சமைக்கும். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த ஒண்டர்பேக் என்ற, நுரைத் துண்டு திணித்த பை இந்த வேலைக்குத்தான் விற்கப்படுகிறது. கூலர் பாக்ஸில் துண்டுகளைத் திணித்தாலும் நடக்கும். ஊருக்கே உரிய குளிர்கால உணவு சாம்ப் அண்ட் பீன்ஸ்: உடைத்த வெள்ளை மக்காச்சோளம் இரண்டு கப், பீன்ஸ் ஒரு கப், தனித்தனியாக ராத்திரி ஊற வைத்து வடித்து, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியோடு பெட்டிக்குள் வைத்தால் ஐந்து மணி நேரத்தில் குழைந்திருக்கும். கொதி நேரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ராஜ்மா வகைப் பீன்ஸில் இருக்கும் நச்சு, இளஞ்சூட்டில் ஊறினால் அழியாது, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். பானை மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்திருக்க வேண்டும், கால் பானை சீக்கிரம் ஆறிவிடும். வெளியே எடுக்கும்போது 60 டிகிரிக்குக் கீழே போயிருந்தால் ஒரு கொதி விட்டுத்தான் பரிமாற வேண்டும்.

தெற்கு அறையும் பில்டோங்கும்

உப்புக்கண்டம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை. வித்தியாசம், உப்புக்கண்டம் வெயிலில் காய்கிறது, பில்டோங் என்ற இந்த நாட்டுக் காய்ந்த கறி நிழலில், குளிர்ந்த வறண்ட காற்றில் காய்கிறது. அதனால்தான் இது குளிர்காலத்து வேலை. மசாலாவில் முன்னால் நிற்பது வறுத்த கொத்தமல்லி விதை. நம் மூக்குக்கு அந்நியமே இல்லாத வாசனை.

மாட்டுத் தொடையின் பின்பக்கச் சதை, கசாப்புக்கடையில் சில்வர்சைடு என்று கேளுங்கள், இரண்டு கிலோ. சதை நார் ஓடும் திசையிலேயே 2.5 செ.மீ. தடிமனில், ஒரு சாண் நீளத்தில் பட்டைகளாக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் தொங்கவிடும்போது பாரம் தாங்காமல் கிழியும். (சாப்பிடும்போது சீவுவது மட்டும் குறுக்கே.) ஆட்டுத் தொடையிலும் செய்யலாம், ஆனால் கொழுப்பை முழுக்க எடுத்துவிட வேண்டும், நாள்பட்டால் காறும். பன்றிக்கறியில் வேண்டாம்.

கிலோவுக்கு 22 கிராம் கல்லுப்பு, 12 கிராம் கொத்தமல்லி விதை, 4 கிராம் மிளகு, விருப்பப்பட்டால் 8 கிராம் பழுப்புச் சர்க்கரை, 60 மில்லி பழுப்பு வினிகர். மல்லியை வாசனை வரும்வரை மட்டும் வறுத்து, உரலில் இரண்டாக மூன்றாக உடைபடும்படி தட்டுங்கள். மிக்ஸியில் பொடித்தால் கறிமேல் சேறு மாதிரி அப்பிக்கொண்டு காற்றுப் புகாது. முதலில் வினிகர் தடவி அரை மணி, பிறகு மசாலா தடவி ஃபிரிட்ஜில் ஒரு நாள், நடுவில் இரண்டு தரம் புரட்டல். எடுத்ததும் தாளால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

பெட்டிக்கு 60 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவோ கனமான அட்டைப்பெட்டியோ போதும். மேல்மூடியில் 120 மி.மீ. கணினி மின்விசிறி, காற்றை வெளியே இழுக்கும் திசையில். கீழே நான்கு பக்கமும் 20 மி.மீ. துளை ஐந்தாறு, எல்லாவற்றிலும் கொசுவலை. மேலிருந்து 10 செ.மீ. கீழே குறுக்கே இரண்டு மரக்குச்சி. ஜெம் கிளிப்பை விரித்து 'எஸ்' வடிவில் வளைத்தால் கொக்கி தயார். பட்டைகள் ஒன்றோடொன்று உரசாமல், சுவரைத் தொடாமல் தொங்கட்டும். அடியில் செய்தித்தாள், முதல் நாள் சொட்டும்.

டர்பன் போன்ற ஈரக்காற்று ஊரில் உள்ளே ஒரு குண்டு பல்பும் எரிய வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் முதல் ஆகஸ்ட் நடுவரை பல்பு தேவையில்லை. இங்கே எதிரி ஈரம் இல்லை, அவசரம். மின்விசிறியை முழு வேகத்தில் விட்டால் இரண்டு நாளில் மேல்தோல் கட்டை மாதிரி இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் புளித்துவிடும். 12 வோல்ட் விசிறியை ஃபோன் சார்ஜரின் 5 வோல்ட்டில் மாட்டுங்கள், பெரும்பாலானவை மெதுவாகச் சுழலும், அந்த வேகம் சரியாக இருக்கும். பெட்டியை வெயில் வராத தெற்கு அறையில் வையுங்கள். கரண்ட் இரண்டு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது.

காய்ந்துவிட்டதா என்பதை நாள் கணக்கில் பார்க்காமல் எடையில் பாருங்கள். தொங்கவிடும்போது ஒவ்வொரு பட்டையின் எடையையும் குறித்து வைத்து, பாதியாகக் குறைந்ததும் எடுத்துவிடலாம். பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு நாளில் வரும். உள்ளே லேசாகச் சிவப்பு தெரிந்தால் ஈரப் பதம், அதை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். மேலே வெள்ளையாக உப்பு பூத்தால் பயமில்லை. பஞ்சு மாதிரி முளைத்தால் பூஞ்சை: பட்டைகள் நெருக்கமாகத் தொங்கின என்று அர்த்தம். பச்சை, கறுப்பு கண்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். வைப்பதற்குக் காகிதப் பை நல்லது, பிளாஸ்டிக் பையில் வியர்க்கும். ஊருக்கு எடுத்துப் போகலாம் என்ற எண்ணம் வேண்டாம், பல நாடுகளில் இறைச்சி விமான நிலையத்திலேயே பறிபோகும்.

வெளியே தீ

சனிக்கிழமை மாலை விறகுப்புகை மணக்காத தெரு இந்த ஊரில் அபூர்வம். கடையில் பையில் விற்கும் விறகில் செகெல்போஸ் என்று எழுதியிருந்தால் தைரியமாக எடுங்கள். நம்மூர் விடத்தேரை மரமேதான், நின்று எரிந்து நல்ல கங்கு கொடுக்கும். பிளாக் வாட்டில் நீலகிரியில் பார்த்த அதே அயல்மரம். இங்கேயும் நீரைக் குடித்துப் பரவும் தொல்லை என்பதால் எரிப்பதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. கமீல்டோரிங் எல்லாவற்றையும்விட நன்றாக எரியும், ஆனால் பாதுகாக்கப்பட்ட மரம், மெதுவாக வளர்வது. விடத்தேரை கிடைக்கும்போது அதை ஏன் எரிக்க வேண்டும்? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ணங்கென்று கேட்டால் காய்ந்தது, தொப்பென்று கேட்டால் உள்ளே ஈரம், புகைதான் மிஞ்சும்.

தீ மூட்ட இந்த ஊர்ப் பாட்டிகளின் முறை ஒன்று இருக்கிறது. ஜூலு மொழியில் பாசா ஞெங்கோமகோகோ என்பார்கள். டவுன்ஷிப்புகளில் நிலக்கரி எரிக்கும் துளையிட்ட தகர டின்னுக்குரிய முறை, விறகுக்கும் பொருந்தும். வழக்கத்துக்குத் தலைகீழ்: கனமான கரியோ கட்டையோ அடியில், அதன்மேல் தாளும் சுள்ளியும். நெருப்பை உச்சியில் வைக்க வேண்டும். சுள்ளி நன்றாகப் பிடித்ததும் மேலே ஒரு கைப்பிடி சிறு துண்டுகள். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது அடியிலிருந்து கிளம்பும் புகை மேல்தீயைக் கடந்தாக வேண்டும், அங்கேயே எரிந்துவிடும். மேலே வரும் புகை வெகுவாகக் குறையும். கங்கு ஆனதும் சர்க்கரைவள்ளிக்கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றி ஓரமாகப் புதைத்தால் 45 நிமிடம்.

இரண்டு எச்சரிக்கை. கங்குள்ள டின்னை, அணைந்தது போலத் தெரிந்தாலும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இன்னொன்று, ஜூலையில் புல்வெளி மொத்தமும் வைக்கோல். காற்று எழுந்த மாலையில் தீ வேண்டாம், முடித்ததும் ஒரு வாளி நீர் ஊற்றிக் கிளறிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

தீ தணிந்து கங்கான பிறகு தலையைத் தூக்கிப் பாருங்கள். ஜூலை நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் கேட்டை நட்சத்திரம், விருச்சிகத்தின் செம்புள்ளி, சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அதன் சாய்வும் (வானத்து அட்சரேகை மாதிரி) ஊரின் அட்சரேகையும் கிட்டத்தட்ட ஒன்றே, தெற்கே 26 டிகிரி. திரிசங்கு தென்பக்கம் நல்ல உயரத்தில்.

சில்லறை சுகங்கள்

நார்ச்சி என்ற கமலா ஆரஞ்சு மே முதல் ஆகஸ்ட் வரை. ரோபோவில், அதாவது சிக்னலில், வலைப்பையில் போட்டு விற்பார்கள். தோல் தளர்ந்து விலகி நிற்பது உரிக்கச் சுலபம், தோல் ஒட்டிக் கனமாக இருப்பது சாறு அதிகம். தோலை எறியாதீர்கள். உள்வெள்ளையைக் கரண்டியால் சுரண்டிவிட்டு தட்டில் பரப்பினால், இந்தக் காற்றில் மூன்று நான்கு நாளில் முறுமுறுவென்று உடையும். கேப் பக்கத்துச் சமையலில் சர்க்கரைவள்ளிக்கும் பிஸ்கட்டுக்கும் இதுதான் வாசனை. நமக்கு வற்றல் குழம்பு: புளி கொதிக்கும்போது ஊற வைத்த தோல் ஒரு பிடி, கூடவே வெல்லம் கொஞ்சம். வெல்லம் இல்லாவிட்டால் கசப்பு தூக்கும்.

ரூய்போஸை டீ மாதிரி மூன்று நிமிடத்தில் வடிக்காதீர்கள். எவ்வளவு கொதித்தாலும் துவர்ப்பு ஏறாத இலை, காஃபீனும் இல்லை. அரை லிட்டர் நீருக்கு மூன்று பை, தட்டிய சுக்கு ஒரு துண்டு, மல்லி கால் டீஸ்பூன், பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். பால் கடைசியில்.

தேங்காய் எண்ணெய் மே முதல் செப்டம்பர் வரை கட்டிதான், வடக்கு ஜன்னல் திட்டில் வைத்தால் பதினொரு மணிக்கு இளகும். எண்ணெய்க் குளியலுக்கு உறையாத நல்லெண்ணெய் சௌகரியம். பன்னிரண்டு மணி வெயிலில் வாசல் திண்ணையில், இங்கே ஸ்தூப் என்பார்கள், காற்று மறைவாக இருபது நிமிடம். அதற்கு மேல் உட்காராதீர்கள். குளிர் தெரியும்போதே இந்த உயரத்து வெயில் தோலைச் சுடும். குளித்து ஈரம் காயும் முன் கிளிசரினோ வாசலினோ தடவினால்தான் குதிகால் வெடிக்காது.

கறிவேப்பிலை

ஒரே ஓர் உறைபனி இரவு போதும், தரையில் நட்ட இளஞ்செடி கருகிவிடும். அதனால் தொட்டிதான். மே நடுவில் வடக்குச் சுவரை ஒட்டி நகர்த்துங்கள், பகலில் செங்கல் வாங்கிய சூடு ராத்திரி செடிக்குக் கிடைக்கும். மாலையில் வெள்ளைப் பனித்துணியைக் குடை மாதிரி, இலையைத் தொடாமல் நாலு குச்சியில் போர்த்தி, காலை ஒன்பதுக்கு எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், தொட்ட இலை கருகும். பத்து டிகிரிக்குக் கீழே செடி தூங்கிவிடும், இலை மஞ்சளாகி உதிரும், அது சாவு இல்லை. அந்தச் சமயத்தில் உரம் போட்டு எழுப்பப் பார்த்தாலும், தினமும் தண்ணீர் ஊற்றினாலும் வேர் அழுகும். பத்து நாளைக்கு ஒரு டம்ளர், அதுவும் காலை பத்து மணிக்கு மேல். ஆகஸ்ட் கடைசியில் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பச்சைக்கு மேலே இருப்பதை வெட்டி, உறைபனி இனி இல்லை என்று ஆனதும் பழைய மோர் கரைத்த நீர் ஒரு சொம்பு ஊற்றலாம். பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே கீறுங்கள், அடியில் பச்சை இருந்தால் அங்கிருந்தே துளிர்க்கும். துளிருக்கு அக்டோபர் வரை பொறுக்க வேண்டியிருக்கும்.